டக்ட் ஏசி, ஹீட் பம்ப் சர்வீஸ்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பனியன் கம்பெனி ஆபீஸ், மலை மேல் இருக்கிற விடுதி என்று டக்ட் ஏசி ஓடும் இடங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும், புதிதாகத் தொழிலுக்கு வந்த மெக்கானிக் தம்பிகளும் கேட்கிற கேள்விகள் இவை. இடத்துக்காரர் தாமே செய்யக்கூடியது எது, தொழில் தெரிந்தவர்கூட நின்று யோசித்துக் கை வைக்க வேண்டியது எது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது இரண்டே விஷயம்: கரண்டை முழுசாக நிறுத்தாமல் உள்ளே கை விடாதீர்கள். கேஸ் (குழாய்க்குள் சுற்றிக் குளிர வைக்கிற வாயு) மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டக்ட் ஏசிக்கும் சாதா ஸ்பிளிட் ஏசிக்கும் என்னங்க வித்தியாசம்? ஹீட் பம்ப்புன்னு வேற சொல்றாங்க.

ஸ்பிளிட்டில் உள் யூனிட் அறைக்குள்ளேயே தொங்கும். டக்டில் அது சீலிங்குக்கு மேலோ தனி அறையிலோ இருக்கும். குளிர்ந்த காற்று தகரக் குழாய் வழியாகப் போய் கிரில்களில் இறங்கும், அறையின் காற்று ரிட்டர்ன் கிரில் வழியாகத் திரும்பி வரும். ஹீட் பம்ப் என்றால் அதே மெஷின் திருப்பியும் ஓடும். உள்ளே இருக்கிற ஃபோர்-வே வால்வு கேஸ் போகும் திசையை மாற்றிவிட்டால், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே விடும். கோயமுத்தூர், ஈரோட்டுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் மார்கழியில் அதுதான் முக்கிய வேலையே.

காலையில நல்லாத்தான் குளுந்துச்சு. முகூர்த்தத்துக்கு ஆள் வந்ததும் குளிர மாட்டேங்குது. கேஸ் கம்மியாயிருச்சுங்களா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ஒரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் சூடு வெளியேறும். 500 பேர் என்றால் 50 கிலோவாட். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட். ஆக, வந்தவர்கள் உடம்புச் சூட்டை எடுக்க மட்டுமே 14 டன் போய்விடுகிறது. அதற்கு மேல் விளக்கு, வீடியோ லைட், திறந்தே கிடக்கும் வாசல் கதவு, மேல்தளத்து வெயில். சித்திரையில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும்போது இதெல்லாம் சேர்ந்தால் நல்ல மெஷினும் திணறத்தான் செய்யும். விசேஷத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டு, சுவரும் தரையும் குளிரும்படி விடுங்கள். ஆள் நிரம்பிய பிறகு 18-க்கு இறக்கி வைத்தால் வேகமாகக் குளிராது. மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

அடுத்தது, மண்டபங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று. மேடைக்குப் பின்சுவரில் ரிட்டர்ன் கிரில் இருக்கும். அலங்காரம் பண்ணுகிறவர்கள் அதன் மேலேயே துணியும் பூவும் கட்டி மூடிவிடுவார்கள். காற்று திரும்பி வர வழியில்லை. அந்தத் துணிக்குப் பின்னால் கையை நீட்டிப் பாருங்கள், துணி கிரில்லோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே "இந்த இடத்தை விட்டுருங்க" என்று சொல்லி, கிரில்லைச் சுற்றி பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் ஒரு சாதா தெர்மாமீட்டர் போதும். ரிட்டர்ன் கிரில்லில் ஒரு தடவை, யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சப்ளை கிரில்லில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. குறை வேறெங்கோ இருக்கிறது. வித்தியாசம் சரியாக இருந்து காற்று மட்டும் மெதுவாக வந்தால் ஃபில்டர், பெல்ட், டக்ட் என்று போங்கள். காற்று நன்றாக வந்து வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால் அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்ப வருசா வருசம் கேஸ் போடோணுமா, வேண்டாமா?

வேண்டாம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் மேலே மேலே போடுவது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவது. அதோடு கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும், ஏனென்றால் அதைக் குளிர வைப்பதே திரும்பி வருகிற அந்தக் கேஸ்தான்.

மெக்கானிக் தம்பிகளுக்கு: கேஜில் (பிரஷர் காட்டும் மீட்டரில்) கம்ப்ரஸர் உறிஞ்சுகிற பக்கத்து சக்‌ஷன் பிரஷர் இறங்கிக் காட்டினால் உடனே சிலிண்டரைத் திறக்காதீர்கள். காற்று குறைந்தாலும் சக்‌ஷன் இறங்கத்தான் செய்யும். சூப்பர்ஹீட்டையும் (திரும்பி வரும் கேஸ் அதன் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது) சப்கூலிங்கையும் (திரவமான கேஸ் அந்த நிலைக்குக் கீழே எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது) எடுங்கள். கேஸ் குறைந்திருந்தால் சூப்பர்ஹீட் ஏறியிருக்கும், சப்கூலிங் இறங்கியிருக்கும். காற்று குறைந்திருந்தால் சூப்பர்ஹீட்டே இறங்கிக் கிடக்கும். அங்கே கேஸை ஏற்றினால் கம்ப்ரஸருக்குத் திரவமாகவே போய்ச் சேரும். லீக் தேடும்போது முதலில் கண்ணால் பாருங்கள். ஃப்ளேர் நட்டிலும் (பைப்பை இணைக்கும் நட்) வளைவுகளிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான் போகிறது. பிறகு சோப்புத் தண்ணீர்.

ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவோணும்?

புத்தகத்தில் மாதம் ஒரு தடவை என்று போட்டிருக்கும். நம் ஊரில் அது இடத்தைப் பொறுத்தது. திருப்பூரில் தையல் யூனிட் பக்கத்தில், சோமனூர், பல்லடத்தில் தறி ஓடும் இடங்களில் பஞ்சு பறந்து இரண்டே வாரத்தில் ஃபில்டர் மேல் போர்வை மாதிரி படிந்துவிடும். பொள்ளாச்சியில் தென்னை நார்த் தூள், காங்கயத்தில் அரிசி ஆலைத் தவிடு, நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி. ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே நாள் கணக்கு வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை என்றால் கழுவ வேண்டிய நேரம்.

பிளோயர் (காற்றைத் தள்ளும் ஃபேன்) ஓடும்போது ஃபில்டரை உருவாதீர்கள். தூசி மொத்தமாகக் காயிலுக்குள் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளுக்குள்) இழுபட்டுப் போகும். பெல்ட்டில் ஓடும் யூனிட்டாக இருந்தால் கையும் சட்டை நுனியும் போகும். கழுவிய ஃபில்டரை நிழலில் முழுசாக உலர வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

உள்ள காயில் மேல ஐஸ் கட்டிருச்சுங்க. ஸ்குரூடிரைவர்ல தட்டி எடுத்துரலாமா?

வேண்டவே வேண்டாம். ஐஸுக்கு அடியில் இருக்கும் குழாய் மெல்லிய தாமிரம். ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் மொத்தக் கேஸும் வெளியே வரும், முகத்துக்கு நேராக வந்தால் பனிப்புண்ணாகிவிடும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு பிளோயரை மட்டும் ஓட விடுங்கள், தானாக உருகும். தண்ணீர் வழிய பக்கெட் வையுங்கள். உருகிய பிறகு ஏன் கட்டியது என்று பாருங்கள்: அடைத்த ஃபில்டர், நழுவும் பெல்ட், மூடிக் கிடக்கும் டேம்பர் (டக்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் தகடு). இவை எல்லாம் சரி என்றால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி கரண்டை எப்படிங்க நிறுத்தறது? ரிமோட்லயோ சுவிட்சுலயோ ஆஃப் பண்ணினா போதாதா?

போதாது. இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்தால் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் தானியங்கி சுவிட்ச்) விழும், அவ்வளவுதான். அதன் மேல்முனை வரைக்கும் 415 வோல்ட் உயிரோடு நிற்கும். டைமரோ ரிமோட்டோ எந்த நிமிஷமும் திரும்பப் போட்டுவிடும். அதனால் அந்த யூனிட்டுக்குப் போகும் எம்.சி.பி.யையோ (ட்ரிப் ஆகும் சுவிட்ச்) ஐசொலேட்டரையோ (லைனை முழுசாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்க வேண்டும். டக்ட் ஏசியில் ஒன்று மட்டும் இறக்கினால் முடிந்துவிடாது. அவுட்டோருக்கு ஒரு லைன், உள் பிளோயருக்கு ஒரு லைன், ஹீட்டர் இருந்தால் அதற்குத் தனி லைன், கன்ட்ரோலுக்கு இன்னொன்று என்று பிரிந்து வரும். பேனலில் பெயர் எழுதியிருப்பதை நம்பி நிற்காதீர்கள்.

அதைவிடப் பெரியது ஜெனரேட்டர். மண்டபம், ஆஸ்பத்திரி, மில் எதுவானாலும் ஆட்டோ சேஞ்ச்-ஓவர் (ஈ.பி. கரண்ட் போனால் தானே ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இருக்கும். மெயினை இறக்கினீர்கள் என்றால் அதை மின்வெட்டு என்று நினைத்து ஜெனரேட்டர் தானே ஸ்டார்ட் ஆகி, நீங்கள் கை வைத்திருக்கும் கம்பிக்கே கரண்டை அனுப்பும். ஆகவே இறக்க வேண்டியது மெயினை அல்ல, ஏசிக்கு மட்டும் போகும், சேஞ்ச்-ஓவருக்குக் கீழே இருக்கிற ஐசொலேட்டரை. இறக்கிய இடத்தில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள். மண்டபத்து வாட்ச்மேன் அண்ணனிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் மாறி இன்னொருவர் டியூட்டிக்கு வருவார்.

பிறகு மீட்டரால் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் பற்றாது. மீட்டரை முதலில் உயிர் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து, அது காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸுக்கு பேஸ், பேஸுக்கு நியூட்ரல், பேஸுக்கு எர்த் எல்லாம் பூஜ்யமா என்று பாருங்கள். திரும்பவும் உயிருள்ள இடத்தில் வைத்து மீட்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்வெர்ட்டர் மெஷினில் இன்னும் ஒரு படி இருக்கிறது. கரண்டை நிறுத்திய பின்னும் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று பேஸ் யூனிட்டில் அது 580 வோல்ட் டி.சி. பக்கம் வரும். மூடியில் எத்தனை நிமிஷம் காத்திருக்கச் சொல்லி ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு நேரம் காத்திருங்கள். எழுதியது அழிந்திருந்தால் பத்து நிமிஷம். அதற்குப் பிறகும் டி.சி.யில் அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும். சாதா மெஷினின் ரன் கெப்பாசிட்டரையும் ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவதை நிறுத்துங்கள். அதற்கென்று ரெசிஸ்டர் இருக்கிறது.

எம்.சி.பி. விழுந்துட்டே இருக்குது. கொஞ்சம் பெருசா மாத்திரலாமுங்களா?

கூடாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. பெரிதாக மாற்றினால் எம்.சி.பி. விழாமல் நிற்கும், சீலிங்குக்கு மேல் ஒயர் எரியும். ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். திரும்ப விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மெக்கானிக் கம்ப்ரஸருக்கு மெகர் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடும்போது இன்வெர்ட்டர் போர்டைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். வேக்கத்தில் (உள்ளே காற்றும் கேஸும் உறிஞ்சி எடுத்த நிலையில்) இருக்கும் கம்ப்ரஸருக்கு மெகர் போடவே கூடாது. டெர்மினல் மூடி இல்லாமல் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். பழைய டெர்மினல் பிய்த்துக்கொண்டு போனால் எண்ணெயும் கேஸும் தீப்பொறியும் ஒன்றாக வெளியே வரும்.

ஈ.பி.காரங்க டிரான்ஸ்பார்மர்ல வேலை பார்த்துட்டுப் போனாங்க. அதுல இருந்து கம்ப்ரஸர் கடகடன்னு சத்தம் போடுது, குளிரும் இல்லைங்க.

உடனே நிறுத்துங்கள். மூன்று பேஸில் இரண்டு இடம் மாறி வந்திருக்கும். ஸ்க்ரோல் கம்ப்ரஸர் பின்னோக்கிச் சுற்றினால் சத்தம்தான் வரும், பிரஷர் ஏறாது. நேரம் ஆக ஆக உள்ளே தேய்ந்துவிடும். மெயின் இன்கமரில் இரண்டு பேஸை மாற்றிக் கட்டினால் தீர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் அதே லைனில் போர்வெல் மோட்டாரும் லிஃப்டும் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். கட்டிடம் முழுக்க மாறியிருந்தால் மெயினில் மாற்ற வேண்டும். ஏசி ஒன்றுக்கு மட்டும் மாறியிருந்தால் அதன் லைனில் மட்டும்.

பேஸுக்கு பேஸ் வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். மூன்றுக்கும் இடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் மோட்டார் சுருள் சூடாகும். 415-க்கு 2 சதவீதம் என்றால் 8 வோல்ட்தான். ஒரு பேஸே போய்விட்டால் நிமிஷக் கணக்கில் எரிந்துவிடும். சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லாத பேனலில் அதை முதல் செலவாகப் போடுங்கள்.

அவுட்டோர் பேனலைத் திறந்தா பல்லி செத்துக் கெடக்குது. அதுனாலயா நின்னுது?

அதனால்தான் இருக்கும். கான்டாக்டர் சூடாக இருப்பதால் பல்லியும் எறும்பும் அங்கே போய் ஒண்டும். இரண்டு முனைக்கு நடுவே மாட்டினால் ஷார்ட். எறும்புகள் பாயின்டுக்குள் நசுங்கிக் காய்ந்து, கான்டாக்டர் மூடினாலும் கரண்ட் போகாமல் செய்யும். கரண்டை நிறுத்தி அளந்து பார்த்த பிறகே சுத்தம் செய்யுங்கள். பாயின்ட் கருகியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் கான்டாக்டரையே மாற்றுங்கள். ஒயர் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடைத்தால் மறுபடி வராது. எலி கடித்த ஒயரில் டேப் சுற்றி விடாதீர்கள், அந்த நீளத்தையே மாற்றுங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தைச் சற்று ஒதுக்கி நின்று திறப்பது நல்லது. மொட்டைமாடி யூனிட்டுகளில் குளவிக் கூடு சகஜம். தோட்டத்துப் பக்கம் பாம்பும் இருக்கும்.

அவுட்டோர் காயிலை ஏர் அடிச்சோ பிரஷர் வாஷர்லயோ கழுவலாமா?

பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் அலுமினிய ஃபின் (மெல்லிய தகடு) எல்லாம் மடங்கிப் படுத்துவிடும். பிறகு காற்றே போகாது. தோட்டத்துக் குழாயில் சாதாரண வேகத்தில், முடிந்தால் உள்ளே இருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே போய் இறுகும். மின் பெட்டியையும் ஃபேன் மோட்டாரையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தண்ணீர்.

தண்ணீரும் முக்கியம். சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை. போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால் ஃபின் மேல் வெள்ளையாக உப்புப் படியும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கழுவக் கழுவ மோசமாகும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் இரண்டு மூன்று குடம் வாங்கி வையுங்கள். காயில் கிளீனர் போடும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஆசிட் கிளீனரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் புகை வரும், அது நுரையீரலைப் பொசுக்கும்.

ஏசி ஓடறப்ப சொட்டறதில்ல, நிறுத்துன பின்னாடிதான் சீலிங்ல தண்ணி ஒழுகுது. இது என்ன கூத்துங்க?

டிரெயின் பைப்பில் டிராப் இல்லை, அல்லது வறண்டுவிட்டது. பிளோயர் உள்ளே இழுக்கும்போது அந்த இழுவையே தண்ணீரை டிரேயில் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தியதும் மொத்தமாகக் கொட்டும். நீர் நிற்கும் வளைவோடு டிராப் வைத்து, பைப்புக்குச் சாய்வு கொடுத்தால் சரியாகும். ஓடும்போதே சொட்டினால் அடைப்பு. ஒழுகும் இடம் யூனிட்டுக்குத் தள்ளி இருந்தால் டக்ட் மேல் சுற்றிய இன்சுலேஷன் கிழிந்து வியர்க்கிறது. மழைக்காலத்தில் அது அதிகம் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல பசங்களை ஏத்தி பார்க்கச் சொல்லலாமா?

ஜிப்சம் போர்டு ஆளைத் தாங்காது. கால் வைக்கப் பலகை போடாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கிளாஸ்வுல் சுற்றியிருந்தால் முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். வெயில் நேரத்தில் அந்த இடுக்கு அடுப்பாகக் காயும், ஆகவே வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒருவர் நின்று அவ்வப்போது குரல் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஃபயர் டேம்பரைக் கம்பி போட்டுக் கட்டி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் புகை டக்ட் வழியே மற்ற அறைகளுக்குப் போகாமல் தடுப்பது அது ஒன்றுதான்.

ஊட்டி ரிசார்ட்ல ஹீட்டிங் போட்டிருந்தோம். விடியக்காலம் அவுட்டோர் யூனிட்ல இருந்து புகையா வருதுங்க. தீப்பிடிச்சிருச்சோ?

வாசனை பாருங்கள். கருகல் வாடை இல்லை என்றால் அது நீராவி. ஹீட்டிங்கில் ஓடும்போது வெளிக்காயில்தான் குளிரும். வெளியே ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கி ஈரமும் இருந்தால் அதன் மேல் உறைபனி படியும். மெஷின் தானே சில நிமிஷம் திருப்பி ஓடி அதை உருக்கும். அப்போது வெளி ஃபேன் நிற்கும், உஸ்ஸென்று சத்தம் வரும், ஆவி எழும், உள்ளே காற்றும் நிற்கும். பத்து நிமிஷத்துக்குள் பழையபடி ஆகும். ஐஸ் மட்டும் கட்டிக் கட்டி உருகவே இல்லை என்றால் சென்ஸரோ வால்வோ போர்டோ கெட்டிருக்கிறது. வெந்நீர் ஊற்றி உருக்காதீர்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயமுத்தூரில் வைத்த அதே மாடல் அங்கே அதே சூட்டைத் தராது. இதைக் கணக்கில் எடுக்காமல் சின்ன மெஷினாக வாங்கிவிட்டு, பிறகு கேஸ் மேல் பழி போடுகிறார்கள்.

ஹீட்டிங்ல கேஜ் மாட்டிப் பார்க்கலாமுங்களா அண்ணா?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும் தம்பி. கூலிங்கில் பெரிய பைப் லோ சைடு (பிரஷர் குறைந்த பக்கம்). ஹீட்டிங்கில் அதே பைப்பில் கொதிக்கிற ஹை பிரஷர் கேஸ் போகும். பழக்கத்தில் நீல ஹோஸை அங்கே மாட்டினால் லோ கேஜ் உடையும், ஹோஸும் தெறிக்கலாம். ஆர்-410ஏ என்கிற கேஸ் ஓடும் பிரஷர் பழைய ஆர்-22 கேஸைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், அதனால் பழைய ஆர்-22 கேஜ் செட் இதற்கு ஆகாது. முதலில் குழாய்களின் சூட்டைக் கிளாம்ப் தெர்மாமீட்டரால் பாருங்கள், கேஜ் பிறகு.

ஹீட்டிங்குக்கு மாறவே இல்லை என்றால் ஃபோர்-வே வால்வின் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகளில் ஹீட்டிங்கில் காயில் கரண்ட் வாங்கும், சிலவற்றில் கூலிங்கில். பேனல் மூடியில் ஒட்டியிருக்கும் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். காயிலை வால்விலிருந்து உருவி வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால் காயில் எரிந்துவிடும்.

பம்ப்-டவுன் பண்றப்ப கம்ப்ரஸர் வெடிச்சுதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

நிஜம். உயிர் போகிற விஷயம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிட்டைக் கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் அடைத்து வைப்பதுதான் பம்ப்-டவுன். சின்ன வால்வை மூடி, கம்ப்ரஸரை ஓட விட்டு, கேஸ் எல்லாம் வந்து சேர்ந்ததும் பெரிய வால்வையும் மூடி நிறுத்த வேண்டும். ஆபத்து வருவது அவசரத்தில். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ளேர் நட்டைத் தளர்த்தினாலும், பைப்பில் ஓட்டை இருக்கும் மெஷினில் பம்ப்-டவுன் செய்தாலும், குழாய்க்குள் காற்று இழுபடும். காற்றும் எண்ணெய்த் துளியும் சேர்ந்து கம்ப்ரஸருக்குள் நசுங்கிச் சூடேறும்போது, டீசல் இஞ்சினில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும்: பொறியே இல்லாமல் பற்றும். இஞ்சினில் அந்த அழுத்தம் வெளியே போக வழி இருக்கிறது. அடைபட்ட கம்ப்ரஸருக்கு இல்லை, அதனால் ஓடு பிளந்துவிடும்.

எனவே: லீக் இருக்கும் மெஷினில் பம்ப்-டவுன் வேண்டாம், ரெக்கவரி மெஷினில் (கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்ப்பது) எடுங்கள். கூலிங்கில்தான் செய்ய வேண்டும். ஹீட்டிங்கில் ஓட்டிக்கொண்டு செய்யவே கூடாது. கேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்க விடாமல் நிறுத்துங்கள். கம்ப்ரஸர் நின்று, கரண்டும் இறக்கிய பிறகே ஸ்பேனர் நட்டின் மேல் படலாம்.

லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும், ரெகுலேட்டரோடு. வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர்தான் இருந்தது என்று அதை மாட்டினால் எண்ணெயோடு சேர்ந்து அதுவும் வெடிக்கும். பம்ப்-டவுனிலும் லீக் டெஸ்டிலும் வருகிற இந்த இரண்டு வெடிப்புக்கும் காரணம் ஒன்றே: எண்ணெய் இருக்கிற இடத்துக்குள் ஆக்சிஜன் போனது.

பழைய ஆர்-22 மெஷின்ல ஆர்-32 போட்டுக்கலாமா? விலை கம்மின்னு சொன்னாங்க.

போடாதீர்கள். ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கும் வகை, பிரஷரும் அதிகம். பழைய மெஷினின் கம்ப்ரஸர், எண்ணெய், சுவிட்சுகள் எதுவும் அதற்காகச் செய்ததல்ல. ஆர்-290 என்கிற புரொப்பேன் இன்னும் மோசம், சமையல் கேஸ் குடும்பம்தான் அது. டக்ட் மெஷினில் கிலோக் கணக்கில் கேஸ் இருக்கும். லீக் ஆனால் டக்ட் வழியாக ஆள் கூடியிருக்கும் இடத்துக்கே போகும். பெயர்ப்பலகையில் எந்தக் கேஸ் போட்டிருக்கிறதோ அது மட்டும். ஆர்-410ஏ இரண்டு கேஸ் கலந்தது, ஆகவே சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து, தராசு வைத்து எடை போட்டு ஏற்ற வேண்டும்.

எந்தக் கேஸாக இருந்தாலும் காற்றைவிடக் கனம். அடைத்த அறையில் தரையோடு தேங்கி மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். தலை சுற்றினால் வேலையை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். கேஸ் மிச்சமிருக்கும் பைப்பில் டார்ச்சை வைத்தால் வரும் புகை விஷம். பிரேசிங்குக்கு முன் கேஸை எடுத்து, நைட்ரஜனை மெல்ல ஓட விட்டுக்கொண்டே ஒட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே ஒருவர் நின்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கனன்றுகொண்டிருப்பது கீழே தெரியாது.

யாருக்காவது ஷாக் அடிச்சுட்டா மொதல்ல என்ன பண்ணோணும்?

ஆளைத் தொடாதீர்கள். கரண்டை நிறுத்துங்கள். நிறுத்த வழியில்லை என்றால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பைப்பாலோ தள்ளி விலக்குங்கள். 108-க்கு ஒருவர் பேசட்டும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுங்கள். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் தெரியலாம்.

சர்வீஸ் பண்ணிட்டுப் போறவங்ககிட்ட என்ன எழுதி வாங்கோணும்?

மூன்று பேஸின் வோல்டேஜ், கம்ப்ரஸரும் பிளோயரும் இழுக்கும் ஆம்பியர், ரிட்டர்ன் காற்று, சப்ளை காற்று இரண்டின் டிகிரி, அன்றைய வெளி வெயில், கேஸ் ஏற்றியிருந்தால் எந்தக் கேஸ், எத்தனை கிராம், எங்கே லீக் இருந்தது. கடைசி வரி காலியாக இருந்து கிராம் மட்டும் எழுதியிருந்தால், லீக்கைக் கண்டுபிடித்துவிட்டு வந்து பில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பேனல் அறைச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மாட்டுங்கள். யூனிட்டுக்குள் வைத்தால் அடுத்த தடவை கழுவும்போது நனைந்து போகும்.